பாலத்தில் தொங்கிய சிவப்புத் துணி

காலை ஆறு மணி பத்து நிமிடம். பனி கலையாத மகாவலி ஆற்றுக்கு மேலே முதலில் கண்ணில் பட்டது ஒரு சிவப்புத் துணி முடிச்சு. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் நடுவிலிருந்து நீளமான கயிறு ஒன்றில் அது தொங்கிக்கொண்டிருந்தது. காற்றுக்கு ஆடாமல் இருக்க உள்ளே ஒரு கல். தண்ணீருக்கு மேலே ஓர் ஆளின் நெஞ்சளவு உயரத்தில் நின்றது.

"வடிவாத் தெரியுதோ?" என்று பாலத்தின் மேலிருந்து குரல் வந்தது.

"தெரியுது, நாங்க வாறோம்!" என்று படகிலிருந்து நான் கத்தினேன்.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரம் முடிந்து மூன்று வருடம் ஆகியிருக்கும். கண்டியில் எரிந்த கடைகள் பலவற்றுக்குப் புதுக்கூரை போட்டாயிற்று. எங்கள் கடைக்கும் போட்டிருந்தோம். வடக்கிலோ சண்டை. அந்த வருடத்தில் மூன்று பேர் படகுப் பயணத்துக்குத் திட்டம் போட்டோம் என்றால் இன்று யாரும் நம்புவதில்லை.

பாலத்தின் மேலே நின்றவர் நில அளவையாளர். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் வேலை, எங்கள் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தார். நாங்கள் அவரைச் சர்வேயர் என்றே கூப்பிடுவோம். படகின் பின்னால் எஞ்சினைப் பிடித்துக்கொண்டிருந்தவர் கட்டுகஸ்தோட்டையில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன்; எங்களுக்கு நானா. படகு அவருடையது. அணைக்கட்டு வேலைக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. அலுமினிய உடம்பு, மூன்று பேர் காலை நீட்டிப் படுக்கலாம்.

திட்டம் இதுதான். படகை லொறியில் ஏற்றி நீர்கொழும்புக்குக் கொண்டுபோவது. அங்கிருந்து ஒல்லாந்தர் வெட்டிய கால்வாய் வழியாகச் சிலாபம், முந்தல் களப்பு, புத்தளம். ஐந்து நாள். கடலுக்குள் போகாமலே கடலோரம் முழுவதும் போய்விடலாம். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து நானாவின் கடையில் வேறு பேச்சில்லை. எங்கே பெற்றோல் கிடைக்கும், எந்த ஊரில் இறால் மலிவு, இரவில் படகில் படுப்பதா கரையில் படுப்பதா என்று ஒவ்வொரு பின்னேரமும் சண்டை. சர்வேயர் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய், கால்வாயில் குறுக்கிடும் பாலங்களை எல்லாம் நாடா பிடித்து அளந்து வந்து வரைபடம் கீறினார். அதை வேலை மேசையில் விரித்தபோது, நானா கையிலிருந்த கிரீஸைத் துடைத்துவிட்டுத்தான் கிட்டே வந்தார்.

அந்த வரைபடத்தில்தான் சிக்கல் தெரிந்தது. சிலாபத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பாலம் மிகத் தாழ்வு. எங்கள் படகுக்கோ, வெயிலுக்கும் மழைக்கும் என்று மூங்கில் சட்டத்தில் தறப்பாள் கூரை போட்டிருந்தோம். மெதுவாகப் போய்க் கூரையை மடித்துவிட்டு நுழையலாம் என்றால், எஞ்சின் அதற்கு ஒத்துவராது. வேகம் குறைந்தால் நின்றுவிடும். நின்றால், மறுபடி கிளப்புவதற்குள் நானாவின் தோள் கழன்றுவிடும். ஆகவே ஓடுகிற ஓட்டத்திலேயே மடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒவ்வோர் ஆணி. நான் பிடுங்கினால் கூரை பின்பக்கமாக நானாவின் தலைமேல் மடிந்து விழும்.

"என்ட தலயா உங்களுக்குத் தூண்?" என்று நானா கேட்டார்.

"தூண் இல்லை நானா, தாங்கி," என்றார் சர்வேயர்.

செய்து பார்க்காத எதையும் சர்வேயர் நம்பமாட்டார். ஒத்திகை வேண்டும் என்று நின்றார். அந்தத் தாழ்ந்த பாலத்தின் உயரத்துக்குச் சரியாக ஒரு துணியைத் தொங்கவிட வேண்டும். கூரை துணியில் படாமல் அடியால் போனால் வெற்றி. ஆற்றுக்கு நடுவே கயிறு தொங்கவிட ஊரில் வேறு எந்த இடம்? பாலம்தான். கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டார். முடிச்சுக் கைப்பிடிக் கம்பியில் இருந்தால் துணி சரியான உயரத்தில் நிற்கும். சனம் குறைந்த நேரம் என்று விடியற்காலையைத் தெரிவுசெய்தோம்.

பாலத்தின் முனையில் மணல் மூட்டைக் காவலரண் ஒன்று இருந்தது. நாங்கள் தினமும் அதைக் கடந்துதான் போய்வந்தோம். யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவர், விடியற்காலையில், பாலத்துக்கு நடுவில் நின்று, கீழே வரும் படகுக்குத் துணியில் சுற்றிய கனமான பொருளொன்றை இறக்கினால் அது பார்ப்பவர்களுக்கு எப்படித் தெரியும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் தலைக்குள் இருந்ததெல்லாம் புத்தளம்.

முதல் தடவை கூரை துணியில் இடித்தது. இரண்டாவது தடவை ஓர் ஆணி இறுகிக்கொண்டது. மூன்றாவது தடவைக்கு ஆற்றை எதிர்த்து வரும்போது பனி விலகிவிட்டது. மேலே விசில் சத்தம். நிமிர்ந்து பார்த்தேன். சர்வேயர் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் இரண்டு சிப்பாய்கள். ஒருவருடைய துப்பாக்கி அவர் முதுகில், மற்றவருடையது எங்களை நோக்கி.

கரைக்கு வரும்படி சிங்களத்தில் கத்தினார்கள். நானா பதற்றத்தில் வேகத்தைக் குறைத்தார். எஞ்சின் நின்றது.

தண்ணீர் எங்களைப் பின்னோக்கிப் பொல்கொல்லப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. மேலேயிருந்து பார்த்தால், தப்பி ஓடுகிற படகு. நானா கயிற்றை இழுத்தார். எஞ்சின் இருமியது. மறுபடி இழுத்தார்.

"நானா, சோக்கை இழுங்கோ! சோக்கை!" கையை உயர்த்தியபடியே சர்வேயர் கத்தினார். தமிழில் ஏதோ கட்டளை கொடுக்கிறார் என்று நினைத்த சிப்பாய் அவரைக் கம்பியோடு சேர்த்து அழுத்தினார்.

"சோக் ஈக்கிய எடத்திலதான் ஈக்கி! இவருக்கு இப்பவும் வாத்தியார் வேல!" என்று நானா பல்லைக் கடித்தார். "தம்பி, இவன் கெளம்பல்லாட்டி அந்த மனிசன் முடிஞ்சாரு."

எஞ்சின் கிளம்பியது. பாலத்துக்கு எதிர்ப்பக்கம் போக வழி திறந்தே இருந்தது. நானா நேரே காவலரணின் கீழேயிருந்த கரைக்குத் திருப்பினார்.

காவலரணில் பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் கதிரையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். அவர் முன்னால் சர்வேயரின் அடையாள அட்டை, யாழ்ப்பாண விலாசத்தோடு. பக்கத்தில் அவர் பையிலிருந்து எடுத்த வரைபடம். நீர்கொழும்பிலிருந்து புத்தளம் வரை ஒவ்வொரு பாலமும், உயரமும் அகலமும் போட்டு. அதை அந்த மேசையில் பார்த்தபோதுதான் அது மற்றவர்களுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு உறைத்தது. சிப்பாய் ஏற்கெனவே வயர்லஸில் சொல்லிவிட்டார்; வண்டி வந்துகொண்டிருந்தது. அப்படி வண்டியில் ஏற்றப்பட்டவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று வீட்டாருக்கு மாதக்கணக்கில் தெரியாமல் இருந்த காலம் அது.

எனக்குச் சிங்களம் சரளம். சார்ஜன்ட் என்னைக் கேட்டார்.

"மீன் பிடிக்கவா?"

"இல்லை, மாத்தயா."

"சரக்கு ஏற்றவா?"

"இல்லை. பார்க்க."

"எதைப் பார்க்க?"

"கால்வாயை."

"புத்தளத்துக்குக் கண்டியிலிருந்து பஸ் போகிறதே, தெரியாதா?"

நானா குறுக்கே விழுந்தார். "பஸ்ஸில் போனால் முன்னால் இருக்கிறவனுடைய பிடரியைத்தானே மாத்தயா பார்க்கலாம்!"

சார்ஜன்ட் சிரிக்கவில்லை. சிப்பாயும் சிரிக்கவில்லை. கயிறு எதற்கு, துணி எதற்கு என்று நான் விளக்கினேன். "பொய்," என்றார் சிப்பாய். "ஓடுகிற படகில் யாராவது கூரையை மடிப்பானா?"

சார்ஜன்ட் கோப்பையை வைத்தார். வீதியைப் பார்த்தார், வண்டி இன்னும் வரவில்லை. "அப்படியானால் செய்து காட்டட்டும்," என்றார். "கயிற்றை நான் பிடிக்கிறேன். துணியில் பட்டால் மூன்று பேரும் பொய்யர்கள். வண்டியில் ஏற்று. படாவிட்டால் இவர்கள் வெறும் பைத்தியங்கள். வீட்டுக்கு அனுப்பு."

சர்வேயரைக் காவலரணில் உட்கார வைத்துவிட்டு எங்களைப் படகுக்கு அனுப்பினார்கள். அதுவரை மடிப்பதற்கு நேரம் பார்த்து மேலிருந்து "இப்ப!" என்று குரல் கொடுத்தது சர்வேயர்தான். இப்போது அந்தக் குரலும் இல்லை. வெற்றி பெறாத ஒத்திகையில் ஒரு மனிதரின் விடுதலை தொங்கியது.

அப்படியிருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். படகு வேகமெடுத்தபோது, முகத்தில் தண்ணீர் தெறித்தபோது, எனக்குப் பயத்தோடு சேர்ந்து வேறொன்றும் இருந்தது. நானா பின்னாலிருந்து "பிடிங்க தம்பி, போறோம்!" என்று கூவினார். அவர் குரலிலும் அது இருந்தது.

பாலத்தூணில் பழைய வெள்ளத்தின் கறை ஒன்று கோடு போட்டதுபோல் ஓடுகிறது. காலையிலிருந்து துணி அந்தக் கறைக்கு நேராகத்தான் தொங்கியது. நான் கண்ணை அதிலேயே வைத்திருந்தேன். மேலே கம்பியோரம் சார்ஜன்ட், பக்கத்தில் சிப்பாய். சிப்பாய் குனிந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே, இன்னும் கிட்டே. இரண்டு ஆணியையும் பிடுங்கினேன். கூரை விழத் தொடங்கியது. அந்த நொடியில் துணி கறைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருந்ததாக எனக்குத் தெரிந்தது. பிறகு கூரை மடிந்தது, நானா "யா அல்லா!" என்று குனிந்தார், நாங்கள் அடியால் போய் மறுபக்கம் வெளிச்சத்தில் வந்தோம். திரும்பிப் பார்த்தேன். துணி கறைக்கு நேரே இருந்தது.

"படவில்லை!" சார்ஜன்டின் குரல் ஆறு முழுவதும் கேட்டது. சிப்பாயைத் திரும்பிப் பார்த்து, "நீயும் பார்த்தாய்தானே? படவில்லை," என்றார்.

வண்டி வந்தபோது சர்வேயர் எங்களோடு கரையில் நின்றார். சோதித்தாயிற்று, ஒன்றுமில்லை என்று சார்ஜன்ட் சொல்லி அனுப்பிவிட்டார். அடையாள அட்டையைக் கொடுத்தார். வரைபடத்தையும் மடித்து என் கையில் கொடுத்து, போவதற்கு முன் நானாவின் பெயரில் பொலிஸில் அனுமதி எடுக்கும்படி சொன்னார். கயிற்றை மட்டும் திருப்பித் தரவில்லை. "பாலத்துக்குக் கிட்டே இனிக் கயிறு வேண்டாம்," என்றார்.

அன்று பின்னேரம் நானாவின் கடையில் கொண்டாட்டம். இனிப்புக்கு வட்டிலப்பம் வந்தது. துணி ஒரு சாண் உயர்ந்ததை நான் கண்டேன் என்று மெல்லச் சொன்னேன்.

"சும்மா ஈங்க தம்பி," என்றார் நானா. "ஒங்களுக்குப் பயத்தில கண்ணு பூத்திருச்சு. நாங்க மடிச்ச மடிப்பு அப்புடி!"

சர்வேயரும் ஒத்துக்கொள்ளவில்லை. "முடிச்சு நான் போட்டது. சார்ஜன்ட் முடிச்சைக் கம்பியில வச்சுத்தான் பிடிச்சவர், நான் காவலரணில இருந்து பாத்தனான். படேல்லை எண்டால் படேல்லைத்தான். கணக்குச் சரி." அவர் கண்களில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கும் அதை நம்பத்தான் விருப்பமாக இருந்தது. ஒத்திகையில் வென்றுவிட்டோம் என்று அதன்பிறகு ஒத்திகையே பார்க்கவில்லை.

அந்தச் சார்ஜன்டை நான் பிறகு காணவில்லை. பெயரும் தெரியாது. இன்றும் பஸ்ஸில் அந்தப் பாலத்தைக் கடக்கும்போது எட்டி அந்தத் தூணைப் பார்க்கிறேன்; கறை அப்படியே இருக்கிறது. மனிதர்களைப் பற்றி யாராவது மொத்தமாகத் தீர்ப்புச் சொல்லும்போது எனக்கு அந்தக் கறைதான் ஞாபகம் வரும்.

அனுமதி கிடைத்தது. அடுத்த மாதம் நாங்கள் போனோம். இரண்டாம் நாள் பின்னேரம், சிலாபத்துக்கு இந்தப் பக்கம், அந்தத் தாழ்ந்த பாலம் வந்தது. கட்டுகஸ்தோட்டையில் ஓடிய அதே வேகம். சர்வேயர் முன்னால் நின்று "இப்ப!" என்றார். நான் இரண்டு ஆணியையும் அதே நேரத்தில் பிடுங்கினேன். கூரை பாலத்தில் இடித்து முறிந்து எங்கள் மூவர் மேலும் விழுந்தது.