அம்மா முடித்த செபமாலை

அப்பா கார் ஓட்டினால் அம்மா செபமாலையைக் கையில் எடுத்துவிடுவார். ஞாயிறுதோறும் பெரியகல்லாற்றிலிருந்து மட்டக்களப்பு நகரத்துக்கு, பெரியம்மா வீட்டுக்குப் போவோம். அம்மா பாதி மணிகளைக்கூட உருட்டியிருக்க மாட்டார், கார் போய்ச் சேர்ந்துவிடும். அப்பாவின் வேகம் அப்படி. ஒருமுறை குருக்கள்மடத்தில் நடுத்தெருவில் படுத்திருந்த மாடு மயிரிழையில் தப்பியது. அன்று முழுக்க அம்மா அழுதார். அப்பா மாட்டைத்தான் திட்டினார்.

அந்தக் காருக்கு அப்பா ஒரு புதுப் பாட்டு செட் வாங்கினார். அதன் பிளக் காரின் சொக்கற்றில் ஏறவில்லை. இரண்டையும் இணைக்கும் அடப்டர் கொழும்பிலிருந்துதான் வரவேண்டும் என்று கடைக்காரர் கைவிரித்தார். போன் திருத்தும் மாமா, அம்மாவின் தம்பி, "அதென்ன பெரிய வேலை, நான் செஞ்சு தாறன்" என்று பழைய ரேடியோ வயர்களோடு வந்துவிட்டார். விறாந்தையில் அவர் ஈயம் உருக்கி ஒட்டியபோது அம்மா பக்கத்தை விட்டு அசையவில்லை, குசுகுசுவென்று ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். பல்பு மாற்றவே பயப்படுகிற அம்மாவுக்கு வயர்மீது இத்தனை ஆசை எப்படி வந்தது என்று நான் வியந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை செட்டில் வெளிச்சம் வந்தது, பாட்டு வரவில்லை. அப்பாவின் முகம் தொங்கிப்போனது. பெரிய தெருவில் ஏறும்போது ஒரு சைக்கிளுக்காகப் பிரேக்கை மிதித்தார். கார் அதிர ஒரு பெண்குரல் பாடியது. காலை எடுத்தார், குரல் நின்றது. மறுபடி மிதித்தார், மறுபடி பாடியது.

மாமாவுக்குப் போன் போனது. "பிரேக் லைட் வயரோட மாறிட்டுது போல மச்சான். மறுகா பாப்பம்" என்றார். மறுகா என்றால் பிறகு. எங்கள் ஊரில் அது நாளைக்கும் ஆகலாம், பொதுத்தீர்வை நாளும் ஆகலாம்.

பாட்டென்றால் அப்பாவுக்கு உயிர். நானும் தம்பியும் பின்சீட்டிலிருந்து "அப்பா, பள்ளம்", "அப்பா, கோழி" என்று இல்லாததையெல்லாம் காட்டினோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி பாட்டு கிடைத்தது. சைக்கிளில் எங்களை முந்திப்போன ஒருவர், "கார் பழுதோ தம்பி?" என்று கேட்டார்.

"இல்லண்ணே, பாட்டுக் கேக்கிறம்" என்றார் அப்பா.

கல்லடிப் பாலத்தில் ஏறும்போது அம்மா கடைசி மணியையும் உருட்டி முடித்துச் சிலுவையை முத்தமிட்டார். காரில் அவர் முழுச் செபமாலை சொல்லி முடித்தது அதுதான் முதல்முறை. அன்று இரவு வீட்டில் நண்டுக்கறி. பெரிய கால்களெல்லாம் மாமாவின் சோற்றுக் கோப்பைக்குப் போயின. வேலையைக் கெடுத்தவருக்கு விருந்து வைக்கிற நீதி எனக்கு விளங்கவேயில்லை. மாமாவின் மறுகாவும் வரவேயில்லை. அந்த அடப்டரோடுதான் காரை விற்றோம்.

போன மாதம் நான் முதன்முதலாக ஒரு கார் வாங்கினேன். செட் பூட்ட மாமாதான் வந்தார். வயரைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"புள்ள, பாட்டு சும்மா வரணுமா, பிரேக் மிதிச்சா வரணுமா?"

"இதென்ன கேள்வி மாமா?"

"கொம்மாதான் சொன்னவ. கொப்பாக்கு வைச்ச மாதிரியே வைக்கட்டாம்."

அம்மா எதுவும் காதில் விழாதவர்போல உள்ளே செபமாலையைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த நண்டுக்கால்கள் எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. மறுகா சொல்லலாம்.