வெல்ட் பிடிக்கும் என்று நான் சொன்ன ஷாஃப்ட்

உலோகப் பொறியியலுக்கு இந்த வருடம் தெரிவாகியிருக்கும் நம் பகுதிப் பிள்ளைகள், படித்த காலத்தைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். வேலை கிடைக்குமா, பாடம் கஷ்டமா என்பதையெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் ஒரு ஷாஃப்டைப் பற்றி எழுதுகிறேன்.

1. கடைசித் தாள்

முதலாம் வருடப் பரீட்சை முடிந்ததும் துறைப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். சிவில், எலெக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் என்று ஒவ்வொரு தாளாகப் பார்த்து வந்தேன். எதிலும் என் இலக்கம் இல்லை. கடைசித் தாளில் இருந்தது. விருப்பப் படிவத்தில் கடைசி வரியில், இடம் நிரப்புவதற்காக எழுதிய துறை அது.

வாப்பாவுக்கு ஃபோனில் கோல் எடுத்தேன். அவர் கல்முனையில் லேத் வேர்க்‌ஷொப் வைத்திருந்தவர். கவலைப்படுவார் என்று நினைத்தேன்.

"இரும்பா? அல்ஹம்துலில்லாஹ்! நம்மட தொழில்தானே மகன். இதுக்கு ஏன் குரல் இப்படி இரிக்கி?" என்றார்.

அதன் பிறகு வேர்க்‌ஷொப்புக்கு வரும் எல்லோரிடமும், நெல் மெஷினுக்கு புஷ் கடைய வருபவரிடம்கூட, "என்ட மகன் இரும்புக்கு இஞ்சினியர் படிக்கான்" என்று சொல்லத் தொடங்கினார். லீவில் ஊருக்குப் போனால் எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் அது பிடித்தும் இருந்தது. இதை மறைக்காமல் எழுத வேண்டும்.

2. வெயிலில் பார்த்த பொறி

இரண்டாம் வருட லீவு. ஒருநாள் காலை பத்து மணியிருக்கும். பாண்டிருப்பைச் சேர்ந்த குணம் அண்ணன் ஒரு ஷாஃப்டைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். போட்டின் எஞ்சினிலிருந்து புரொப்பெல்லருக்குப் போகும் நீளத் தண்டு அது. கடலோடிகளில் வாப்பாவின் பழைய வாடிக்கையாளர் அவர்; வாப்பாவை அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடுவார். வந்தால் முதலில் பிளேன்டீ வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வேலையைச் சொல்வார். அன்று தேநீர் கேட்கவில்லை.

ஷாஃப்ட் ஓரிடத்தில் நன்றாகத் தேய்ந்திருந்தது. அதை வெல்டால் நிரப்பி, பழைய அளவுக்குக் கடைந்து கொடுக்க வேண்டும். வாப்பா அதை உருட்டிப் பார்த்தார்.

"இது லொறி ஆக்ஸில்ல கடைஞ்சது போல இரிக்கி தம்பி. சும்மா வெல்ட் அடிக்க ஏலா. நல்லாச் சூடாக்கி அடிக்கணும். அடிச்ச உடனே உமிச் சாம்பலுக்குள்ள தாட்டு மூடி வைக்கணும். மெல்ல ஆறணும். மறுகாதான் கடையலாம். நாளைக்கு மறுநாள் வாங்க."

"காக்கா, சூரை மீன் ஓடுது. ரெண்டு நாள் நிண்டா எல்லாம் போயிரும். இண்டைக்கே தர ஏலாதா?"

வாப்பா என்னைப் பார்த்தார். "நீ படிக்கிற ஆள். இதப் பாரு."

அந்தத் தவணையில்தான் லேபில் ஸ்பார்க் டெஸ்ட் செய்திருந்தோம். இரும்பைக் கிரைண்டரில் பிடித்தால் பறக்கும் பொறியை வைத்து அது என்ன இரும்பென்று சொல்லலாம். மைல்ட் ஸ்டீல் என்றால் பொறி நீளமாக, அமைதியாக ஓடும். கார்பன் கூடக்கூட நுனியில் நட்சத்திரம்போல் வெடிக்கும். என் ரிப்போர்ட்டுக்கு நல்ல புள்ளி கிடைத்திருந்தது. ஆனால் லேபில் அதை ஜன்னலை மூடி, இருட்டாக்கித்தான் செய்தோம். வாப்பாவின் கிரைண்டர் வாசலில் இருந்தது. வெயில் நேரே அதன்மேல் விழுந்தது.

ஷாஃப்டின் நுனியைப் பிடித்தேன். நீளமான கோடுகள் தெரிந்தன. ஒன்றிரண்டு வெடித்த மாதிரியும் இருந்தது. அதை நான் எண்ணவில்லை. வாப்பாவும் குணம் அண்ணனும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மைல்ட் ஸ்டீல்தான் வாப்பா. சூடாக்கத் தேவையில்ல. அப்படியே அடிக்கலாம். வெல்ட் பிடிக்கும்."

"ஷுவரா?"

"ஓம், ஷுவர்."

வாப்பா ஷாஃப்டை இன்னொரு தரம் உருட்டினார். சூடாக்க வேண்டும் என்பது அவருக்குக் கையால் தெரியும். ஏன் என்று சொல்லத் தெரியாது. எனக்கு அந்த ஏன் கொஞ்சம் தெரியும் என்று அவர் நம்பினார். பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்னால், சூடாக்காமலே, வேலை முடிந்தது. குணம் அண்ணன் என் தோளில் தட்டி, "பெரிய உதவி தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

3. அழைப்பு

ஏழெட்டு மாதம் கழித்து, மூன்றாம் வருடத்தில், கன்டீனில் இருந்தபோது வாப்பா கோல் எடுத்தார். வழக்கமாக முதலில் சாப்பிட்டாயா என்று கேட்பார். அன்று கேட்கவில்லை.

"குணம் கடலுக்குப் போன இடத்தில மோசம் போயிட்டான் மகன். ஷாஃப்ட் முறிஞ்சு போட் அலைக்குக் குறுக்கால திரும்பிட்டாம்."

எந்த ஷாஃப்ட் என்று கேட்டேன்.

"நம்ம அடிச்ச ஷாஃப்ட்தான்."

போட்டில் இருந்தது மூன்று பேர். குணம் அண்ணனின் தம்பி யோகனும் இன்னொருவரும் கவிழ்ந்த போட்டைப் பிடித்துக்கொண்டு தப்பினார்கள். குணம் அண்ணனின் உடல் மூன்றாம் நாள் தம்பிலுவில் ஊர்க் கரையில் ஒதுங்கியது.

நான் ஊருக்குப் போனபோது இன்னொரு கதையும் பரவியிருந்தது. குணம் குடித்துவிட்டுப் போட்டைக் கல்லில் ஏற்றினாராம், அதில்தான் ஷாஃப்ட் முறிந்ததாம். யோகன், அப்படி இல்லை என்று சொல்லிக்கொண்டே திரிந்தார். அண்ணனுக்காகத் தம்பி அப்படித்தான் சொல்வான் என்றார்கள். கரைக்கு இழுத்து வந்த போட்டில் எஞ்சினோடு மிஞ்சியிருந்த பாதி ஷாஃப்டைக் கழற்றி, முறிந்த முகத்தில் கிரீஸ் பூசி, சீமெந்துப் பையில் சுற்றி அவர் எங்கள் வேர்க்‌ஷொப்புக்குக் கொண்டுவந்தார்.

"தம்பி, நீங்க இதுக்குத்தானே படிக்கிற. இது கல்லில அடிபட்டு முறிஞ்சதா, வேற என்னத்தாலயுமாண்டு பார்த்துச் சொல்ல ஏலுமா? அண்ணிக்கு ஊர்க்கதை கேக்க ஏலாம இரிக்கி."

என்மேல் அவருக்கு அப்போது ஒரு சந்தேகமும் இல்லை. துண்டு வெட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். "வெட்டுங்க" என்றார்.

4. மைக்ரோஸ்கோப்

அந்தத் துண்டைக் கொழும்பு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். முறிவு ஆய்வு படிப்பித்த மேடத்திடம் விஷயத்தைச் சொல்லி லேப் பாவிக்க அனுமதி கேட்டேன். என் பங்கை மட்டும் சொல்லவில்லை.

கிரீஸைக் கழுவியதும் முறிந்த முகத்தில் பாதிக்குமேல் வளைந்த கோடுகள் தெரிந்தன. அலை பின்வாங்கிய மணலில் இருக்குமே, அப்படி. எங்கள் தொழிலில் அதற்கு பீச் மார்க்ஸ் என்று பெயர். ஒரே அடியில் முறிந்த இரும்பில் இது வராது. ஒரு சிறு வெடிப்பு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனால்தான் வரும். ஆகவே கல் இல்லை. குணம் அண்ணன் ஒரு பிழையும் விடவில்லை.

கோடுகள் எங்கே தொடங்குகின்றன என்று பின்னோக்கிப் பார்த்தேன். வெல்டின் ஓரத்தில்.

அந்த இடத்தை வெட்டி, எமரித் தாளில் ஒவ்வொரு நம்பராகத் தேய்த்து, பொலிஷ் பண்ணி, நைட்டால் என்ற அமிலக் கரைசல் தடவி மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். வெல்டுக்குப் பக்கத்தில் ஊசி ஊசியாக மார்ட்டென்சைட். கார்பன் கூடிய இரும்பு சூட்டிலிருந்து திடீரென்று ஆறினால் இப்படி ஆகும். கண்ணாடிபோலக் கடினமாகும், வெடிக்கும். ஹார்ட்னஸ் எடுத்தேன். மற்ற இடத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் வந்தது. கெமிக்கல் முடிவும் வந்தது. மைல்ட் ஸ்டீல் இல்லை. ஆக்ஸில் இரும்பு. வாப்பா கையால் உருட்டிச் சொன்னது சரி.

மேடம் குனிந்து மைக்ரோஸ்கோப்பில் நெடுநேரம் பார்த்தார். பேச்செல்லாம் இங்கிலிஷில்தான். தமிழில் தருகிறேன்.

"யார் வெல்ட் செய்தது?"

"என் வாப்பா."

"ப்ரீஹீட் செய்யவில்லையா?"

"செய்யத்தான் போனார். நான் தேவையில்லை என்றேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ரிப்போர்ட்டில் பெயர்கள் வேண்டாம். காரணத்தை மட்டும் எழுது. வீட்டில் போய் என்ன சொல்வது என்பது நான் திருத்திக் கொடுக்கக்கூடியதல்ல" என்றார்.

5. பாண்டிருப்பு

ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஒரு வசனத்தைத் தயார் செய்தேன். 'பழைய ஷாஃப்ட், உள்ளே வெடிப்பு இருந்திருக்கிறது, கல்லில் அடிபடவில்லை.' இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. குணம் அண்ணனின் பெயர் சுத்தமாகும். எங்கள் பெயரும் வெளியே வராது. கல்முனை வரும்வரைக்கும் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வேர்க்‌ஷொப்பில் இறங்கியதும் வாப்பா ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"சாம்பலுக்குள்ள வைக்காததாலயா?"

"ஓம் வாப்பா."

அவர் லேத்தை நிற்பாட்டினார். கையைக் கழுவி, சாரனை மாற்றிக்கொண்டு வந்தார். "வா. அவங்கட ஊட்டுக்குப் போவம்."

குணம் அண்ணனின் மனைவி மலர் அக்கா எங்களுக்குக் கதிரை போட்டார். யோகன் கதவடியில் நின்றார். நான் தொடங்குமுன் மலர் அக்காவே கேட்டார்.

"அவர் குடிச்சிருக்கல்லயே தம்பி?"

"இல்ல அக்கா. கல்லில ஏத்தவும் இல்ல. ஷாஃப்ட் உள்ளுக்குள்ள முன்னமே வெடிச்சிருந்திச்சு. ஆர் ஓடியிருந்தாலும் முறிஞ்சிருக்கும்."

அவர் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். வாப்பா நிறுத்தவில்லை.

"அது நான் அடிச்ச வெல்டால வந்தது தங்கச்சி. பிழை என்ட."

"இல்ல அக்கா. வாப்பா ரெண்டு நாள் வேணுமெண்டுதான் சொன்னவர். நான்தான் தேவையில்லண்டு சொன்னன்."

யோகன் உள்ளே வந்தார். "நீங்க பார்த்துத்தானே சொன்னீங்க?"

"பார்த்தன். சரியாத் தெரியாம சொல்லிப்போட்டன்."

"தெரியாதுண்டு சொல்லியிருந்தா அண்ணன் ரெண்டு நாள் நிண்டிருப்பாரே."

 

மலர் அக்கா எழும்பினார். "இஞ்ச சொன்னத கரையிலயும் வந்து சொல்லுங்க தம்பி. எல்லாருக்கும் கேக்கணும்."

போனோம். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் நடுவில் நின்று, முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். மைல்ட் ஸ்டீல் என்று நான் சொன்னதையும் சொன்னேன். ஒருவரும் ஏசவில்லை. ஒருவர் மட்டும், "அப்ப நாங்க அவனப் பத்திக் கதைச்சது பிழை" என்று மணலைப் பார்த்துச் சொன்னார். மலர் அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வீட்டுப் பக்கம் நடந்தார்.

6. பிறகு

யோகன் அதன் பிறகு எங்கள் வேர்க்‌ஷொப்புக்கு வரவில்லை. பஜாரில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் செய்வது சரி.

வாப்பா என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது என்று பலமுறை நினைத்திருக்கிறேன். மகன் என்ன படிக்கிறான் என்று யாராவது கேட்டால் "கம்பஸ்ல படிக்கான்" என்று மட்டும் சொன்னார். மவுத்தாகும் கடைசி நாள்வரை இரும்பைப் பற்றி ஒரு கேள்விகூட என்னிடம் கேட்கவில்லை. நான் படித்து முடித்து, ஒரு உருக்காலையின் லேபில் சேர்ந்து, தினமும் யார் யாருக்கோ இரும்பைப் பற்றிப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். லீவில் போனால் அவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்காருவேன். சந்தேகமான துண்டு வந்தால் அவரே உருட்டிப் பார்ப்பார். என் பக்கம் திரும்பமாட்டார்.

எந்த இரும்பைச் சூடாக்கி வெல்ட் செய்ய வேண்டும், ஏன் மெல்ல ஆறவிட வேண்டும் என்ற அத்தியாயம் எங்களுக்கு மூன்றாம் வருடத்தில்தான் வந்தது. குணம் அண்ணன் இரண்டாம் வருடத்திலேயே வந்துவிட்டார். உங்களிடமும் அப்படித்தான் வருவார்கள். நீங்கள் படித்து முடிக்கும்வரை ஊர் காத்திருக்காது. லீவில் நிற்கும்போது யாராவது ஒரு துண்டு இரும்பைக் கொண்டுவந்து, உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த நேரம் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருக்கும். வெட்கத்தோடு சொல்லுங்கள்.