கையெழுத்து இல்லாத கட்டம்

இங்கே நாய்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு. நான் வேலை பார்க்கும் நியூசிலாந்து கிளினிக்கில் காலையில் வரும் தாள்களில் ‘பெல்லா தாம்சன்’, ‘மேக்ஸ் வாக்கர்’ என்றிருக்கும். முன்பு நான் வேலை பார்த்த ராயபுரத்தில் ‘ஐஸ் ஃபேக்டரி டைகர்’, ‘கல்மண்டபம் வெள்ளைப் பூனை’ என்று எழுதினால் போதும், யாரென்று தெரிந்துவிடும்.

இங்கே எனக்கு வெட்டரினரி நர்ஸ் என்று பெயர். எடை பார்ப்பேன், ரத்தம் எடுப்பேன், முன்னங்காலில் ரோமம் மழித்து நரம்பு பிடிப்பேன். மயக்கம் கொடுத்த பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நாடி, மூச்சு, ஈறின் நிறம் மூன்றையும் பார்த்துக் குறிப்பேன். கண் விழிக்கும்வரை பக்கத்தை விட்டு நகர மாட்டேன். டாக்டர் வெட்டித் தைக்கும் நேரம் முழுக்க உயிர் என் விரலுக்கடியில் ஓடுகிறது. பெருமையாகவே சொல்கிறேன்.

ராயபுரத்திலும் இவற்றில் பாதிக்குமேல் செய்தேன். அங்கே என் பெயர் அசிஸ்டன்ட். ஐஸ் ஃபேக்டரி டைகர் மூன்று மாத நாய்க்குட்டி. ரத்தபேதியோடு வந்தது. இரண்டு நாள் டிரிப்ஸைப் பிடித்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே இருந்தேன். மாலையில் டாக்டர் வந்து பார்த்து, நான் எழுதி வைத்த அட்டையில் கையெழுத்துப் போடுவார். குட்டி பிழைத்ததும் அதன் சொந்தக்காரி, காசிமேட்டில் மீன் விற்கும் தேவகி அக்கா, டாக்டருக்கு ஒரு முழு வஞ்சிரம் கொண்டுவந்தார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

“ரெண்டு நாளா குந்திகினு இருந்தது நீ. அத்த எங்கம்மே எழுதிகீது?”

டாக்டர் பெயர்தான் போட வேண்டும் என்று சொல்லிச் சிரித்தேன்.

இங்கே சேர்ந்த மூன்றாம் மாதம் தலைமை மருத்துவர் ஆலன் என்னைக் கூப்பிட்டார். அந்த மாதம் நல்லபடியாக முடிந்தால்தான் வேலை நிரந்தரம். வேலை போனால் விசாவும் போகும். மேஜைமேல் பதினொரு மயக்கமருந்துத் தாள்கள். எல்லாவற்றிலும், கண்காணித்தவர் கையெழுத்துப் போடும் கடைசிக் கட்டம் காலி. தவறு நடந்தால் மாட்டிக்கொள்ளக் கூடாதென்றுதான் விட்டாயா என்று கேட்டார். அது உங்கள் இடம், மரியாதைக்காக விட்டேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. என் பதிலும் ஒரு சாக்காகவே பட்டிருக்க வேண்டும்.

ஒரு லாப்ரடாரின் தாளை எடுத்தார். பத்து இருபதுக்கு நாடி இறங்கியிருக்கிறது, யார் கண்டுபிடித்தது என்றார். நான்தான், உங்களிடம் சொன்னேன், மயக்க வாயுவைக் குறைக்கச் சொன்னீர்கள் என்றேன்.

“அப்போது நான் வயிற்றுக்குள் கை வைத்திருந்தேன். பார்க்காததைப் பார்த்தேன் என்று நான் கையெழுத்துப் போட்டால் அது பொய்.”

பேனாவை நீட்டினார். பதினொன்றிலும் அன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். வேலை நிலைத்தது.

இப்போது இங்குள்ள அலமாரியில் தாளுக்குத் தாள் என் பெயர் இருக்கிறது. ராயபுரத்தில் ஓர் இரும்பு அலமாரி. உப்புக்காற்றில் துருவேறி, உதைத்தால்தான் திறக்கும். அதற்குள்ளே அட்டை அட்டையாக எழுத்து என்னுடையது, கையெழுத்து டாக்டருடையது. இரண்டு அலமாரியிலும் நான் இருக்கிறேன். போய்க் கேட்டால், ஒன்றுதான் என்னைத் தெரியும் என்று சொல்லும்.