பட்டியலின் முதல் வரி

சுவிட்சைத் தட்டியதும் முதலில் ஒரு கீச்சொலி, அடுத்து சூடேறிய தூசியின் வாசனை, அதன் பிறகு கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இரண்டே இரண்டு வரிகள்: ஒன்று லினக்ஸ், மற்றது விண்டோஸ், கணினியை இயக்கும் இரண்டு மென்பொருள்களின் பெயர்கள். பத்து விநாடிக்குள் யாரும் எதையும் தொடாவிட்டால் முதல் வரியில் இருப்பது தானாகக் கிளம்பிவிடும். கோட்டூர்புரத்தில் எங்கள் குடியிருப்பின் சங்க அறையில் இருந்த அந்த ஒரே கணினியில் யார் முதல் வரி என்பதற்காக நாங்கள் போட்ட சண்டையைப் போல, அந்த வளாகத்தில் தண்ணீர் லாரிக்குக்கூட யாரும் போட்டதில்லை.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. அண்ணன் சீனு கல்லூரியிலிருந்து ஒரு லினக்ஸ் சிடியைக் கொண்டுவந்து, இதை யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்று சொன்ன அன்றே நான், லினக்ஸின் சின்னமான பறவையின் பேரில், ‘பெங்குவின் கட்சி’யில் சேர்ந்துவிட்டேன். எதிரணி, விண்டோஸின் ‘ஜன்னல் கட்சி’. அதன் தலைவி மூன்றாம் மாடி நஸ்ரீன் அக்கா, பன்னிரண்டாம் வகுப்பு. அவருடைய அத்தா சைதாப்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். சங்கச் செயலாளர் மாமா கணினியின் வட்டைப் பாதி உங்களுக்கு, பாதி அவர்களுக்கு என்று பிரிக்கச் சொல்லிவிட்டு, “ஒரே ஆத்துல ரெண்டு சமையக்கட்டு வெச்சுண்டு என்னடி கூத்து இது?” என்று தலையில் அடித்துக்கொள்வார். காலையில் பால் வாங்கப் போகிற சாக்கில் நான் லினக்ஸை மேலே ஏற்றுவேன். சாயங்காலம் நஸ்ரீன் அக்கா அதைக் கீழே இறக்குவார். அந்தப் பட்டியலோ லினக்ஸுக்குள் ஒரு கோப்பில் இருந்தது. எங்கள் வீட்டுக்குள் நுழைந்துதான் எங்களைத் தோற்கடிக்க முடியும் என்பதால், அதற்காகவே அவர் நான்கு லினக்ஸ் கட்டளைகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

காலாண்டு விடுமுறையில் தி.நகர்ப் பள்ளி ஒன்றில் கணினிப் போட்டி. நஸ்ரீன் அக்கா ஒரு நிரல் எழுதியிருந்தார்: எங்கிருந்து எங்கே போக வேண்டும் என்று கொடுத்தால், எந்த பஸ், எங்கே இறங்கி மாற வேண்டும் என்று சொல்லும். இதற்காக அடையாறு, சைதாப்பேட்டை பஸ் நிலையங்களில் நோட்டும் கையுமாக நின்று தடம் தடமாகக் குறித்துக்கொண்டு வந்தவர் அவர். சனிக்கிழமை போட்டி. வியாழக்கிழமை காலை நான் புது லினக்ஸ் சிடியைப் போட்டேன். வட்டு முழுவதுமா, உன் பாதி மட்டுமா என்று அது கேட்டது. ஆங்கிலம் அரைகுறையாகத்தான் புரிந்தது. முதல் வரிக்காகவே உயிரை விட்டுக்கொண்டிருந்த எனக்கு முதல் வரியில் இருப்பதுதான் சரியானதாகப் பட்டது. எண்டரைத் தட்டிவிட்டேன்.

மத்தியானம் நஸ்ரீன் அக்கா வந்து கணினியைப் போட்டார். திரையில் ஒரே ஒரு வரி.

“விண்டோஸ் எங்கடி கீது?”

சொன்னேன். முழு வட்டையும் அழித்திருந்தேன், அவருடைய பாதியோடு.

“இன்னாடி பண்ணிட்டே? என் பஸ்ஸெல்லாம் அதுலதாண்டி கீது!”

அவர் என்னை அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். நகல் எடுத்து வைத்திருந்த ஃபிளாப்பியும் அந்தக் காலத்து ஃபிளாப்பிகளின் வழக்கப்படி கைவிட்டுவிட்டது. விண்டோஸ் போட்டுத் தருகிறவர் திங்கட்கிழமைதான் வருவார். சீனு என்னைத் திட்டவில்லை. “தப்பு நம்ம கட்சியோடது. சரி பண்ண வேண்டியதும் நாமதான்,” என்றான்.

நஸ்ரீன் அக்காவின் ரெக்கார்டு நோட்டுதான் காப்பாற்றியது. பன்னிரண்டாம் வகுப்புக்காரர்கள் நிரல்களைக் கையாலும் எழுதி ஒப்படைக்க வேண்டும். முக்கால்வாசி நிரல் அதில் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையிலிருந்து இரண்டு கட்சியும் அந்த அறையில் உட்கார்ந்து, ஒருவர் வரி வரியாக வாசிக்க, அக்கா லினக்ஸில் தட்டச்சு செய்தார். ஓட்டினால் பிழை பிழையாகக் கொட்டியது. “திரையைத் தொடைக்கிற கட்டளைகூட உங்க ஊர்ல செல்லாதா?” என்று பொருமினார். அதை எடுத்தோம், இதை மாற்றினோம். சாயங்காலம் நான்கு மணிக்கு, கோட்டூர்புரத்திலிருந்து மயிலாப்பூர் போக வழி கேட்டதற்கு அது சரியான பஸ்ஸைச் சொன்னபோது நாங்கள் கைதட்டியதில் செயலாளர் மாமா பயந்துபோய் ஓடி வந்தார்.

போட்டி நடந்த இடத்தில் இருந்ததெல்லாம் விண்டோஸ். சீனு முந்தின நாளே அதற்கும் சேர்த்து யோசித்திருந்தான். நிரல் அங்கும் ஓடியது. இதை எதில் எழுதினாய் என்று நடுவர் கேட்டார்.

“ரெண்டுலயும் ஓடும் சார். ரெண்டுலயும் எழுதினதுதான்,” என்றார் நஸ்ரீன் அக்கா.

இரண்டாம் பரிசு. வாங்கியது அவர், நெஞ்சு நிமிர்ந்தது எனக்கு. இத்தனை வருட வேலையில் நானும் சில கேடயங்கள் வாங்கியிருக்கிறேன், அந்தப் பெருமை ஒன்றிலும் வரவில்லை.

திங்கட்கிழமை சீனு பாதி இடத்தைக் காலி செய்து கொடுக்க, விண்டோஸ் வந்தது. வந்ததும் பட்டியல் போய்விட்டது. எங்கள் பாதி உள்ளே இருந்தது, போகத்தான் வழியில்லை. ஜன்னல் கட்சி அப்படியே விட்டிருக்கலாம். எனக்கும் கேட்க வாய் வரவில்லை. அரை மணி நேரத்தில் எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. “சிடி எடுத்துனு வா,” என்றார் நஸ்ரீன் அக்கா. பட்டியலைத் திரும்பக் கொண்டுவந்தேன். அவர் தன் நான்கு கட்டளைகளைத் தட்டி அந்தக் கோப்பைத் திறந்தார். வழக்கம்போல எங்களைக் கீழே இறக்கப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அந்தப் பத்து விநாடிக் கெடுவைத்தான் நீக்கினார். “எவ்ளோ நேரம்னாலும் நிக்கட்டும். வர்றவங்களே சொல்லட்டும், எது வேணும்னு.”

இப்போது அந்தச் சங்க அறை முழுக்க ஆன்லைன் பார்சல்கள். அந்தக் கணினி எந்தக் காயலான் கடைக்குப் போனதோ தெரியவில்லை. என் மகளின் போன் தொட்டதும் ஒளிர்கிறது. எது வேண்டும் என்று அது அவளை ஒருநாளும் கேட்டதில்லை. அடையாறில் இருக்கும் நஸ்ரீன் அக்கா இன்றும் ஜன்னல் கட்சி, நான் இன்றும் பெங்குவின் கட்சி, வாரம் ஒருமுறை போனில் சண்டை உண்டு. என் மடிக்கணினியில் மட்டும் இன்னமும் இரண்டு வரிகள் வந்து நிற்கின்றன. விண்டோஸ் வரியை இதுவரை ஒருமுறைகூட நான் திறந்ததில்லை, அழிக்கவும் மாட்டேன்.