அண்ணன் ஏற்றுக்கொண்ட கசிவு

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்கு எழுதும் வேலையைச் சொந்தக்காரர்கள் என் தலையில் கட்டிவிட்டார்கள். மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். அலுப்பாக இருக்கிறது. அண்ணி கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: "அந்த மயிலாப்பூர் வூட்டுக் கதைய மட்டும் எய்தாத தம்பி. அவுரு பேரு கெட்டுப்பூடும்." அதை விட்டுவிட்டு எழுதினால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். எழுதுகிறேன், அண்ணி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது சைதாப்பேட்டையில், ஆற்றோரம். அப்பா போனபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு ஒன்பது. தி.நகர்க் கடைகளில் அடைத்துக்கொண்ட கழிவறைக் குழாய்களைக் குத்திவிடும் வேலைக்குப் போனார். தெருக்குழாயில் குளித்த பிறகுதான் வீட்டுக்குள் கால் வைப்பார். அந்தச் சம்பளத்தில்தான் நான் ஐடிஐ படித்தேன். படித்தும் அவருக்கே உதவியாளாகப் போனேன். வேறு வேலை தேடும் சாமர்த்தியம் எனக்கு ஏது?

மொட்டை மாடிகளில் சோலார் ஹீட்டர் வந்ததும் அண்ணன் சுடுநீர் லைனுக்குப் பேர்போனவரானார். வளைகிற பிளாஸ்டிக் பைப்பை நேராக வெட்டி, செம்பு ரிங்கை மாட்டி, பித்தளை மூட்டுத் துண்டை முட்டும்வரை உள்ளே தள்ளுவார். ரிங்கை விளிம்பிலிருந்து துளி தள்ளி நிறுத்தி, ரிங்கை நெரிக்கும் கிரிம்பிங் டூலால் ஒரே அழுத்து. கோணலாகிவிட்டால் வெட்டி எறிந்துவிட்டு வேறு ரிங். அப்படியும் சில ரிங் சரியாக அழுந்தாது; கைத்தவறு யாருக்கும் வரும். அதைப் பிடிக்கத்தான் கேஜ் என்ற சின்னத் தகடு. அதில் இரண்டு வெட்டு வாய்; ஒன்றில் ரிங் நுழைய வேண்டும், இன்னொன்றில் நுழையக் கூடாது. அண்ணன் அழுத்துவார், கேஜ் போட்டுப் பார்த்துப் பச்சை மார்க்கரால் புள்ளி வைப்பது என் வேலை. புள்ளி இருந்தால்தான் கொத்தனார் சுவரைப் பூசலாம் என்பது அண்ணன் போட்ட சட்டம்.

மயிலாப்பூரில் அது ஒரு வயதான தம்பதியின் வீடு. முப்பத்தெட்டு மூட்டு. முதல் நாளே லைனில் தண்ணீர் ஏற்றி அழுத்தம் கொடுத்திருந்தோம், காலையில் மீட்டர் ஊசி இறங்கவே இல்லை. எனக்கோ முட்டி வலி. கேஜையும் மார்க்கரையும் மாற்றி மாற்றி எடுப்பானேன் என்று, முதலில் எல்லா ரிங்கிலும் புள்ளியை வைத்துவிட்டேன். டீ குடித்துவிட்டு வந்து கேஜ் போட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பு. வந்து பார்த்தால் படுக்கையறைச் சுவர் பாதி பூசியாகிவிட்டது. கொத்தனார் புள்ளியை நம்பிப் பூசினார், அவர்மேல் தப்பில்லை. ஊசிதான் இறங்கவில்லையே என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

பச்சைத் தண்ணீருக்குத் தாங்கிய மூட்டு, சூடு ஏறி இறங்க இறங்க விட்டுவிட்டது. மூன்று வாரத்தில் சுவர் ஊறி, அதை ஒட்டிய மர அலமாரியில் அந்த அம்மாவின் கல்யாணப் புடவை பூஞ்சணம் பிடித்துப் போயிற்று. வேலை கொடுத்த காண்ட்ராக்டர் எங்களை வரவழைத்துச் சுவரை உடைத்தார். அண்ணன் கேஜை வைத்தார். நுழைய வேண்டிய வாயில் ரிங் நுழையவில்லை. ரிங்கின் மேல் என் பச்சைப் புள்ளி பளிச்சென்று இருந்தது.

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் சார் செக் பண்ணேன். எந் தப்புதான்" என்றார். நான் பக்கத்திலேயே குனிந்து உடைந்த காரையைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தேன்.

அதன்பின் அவரை யாரும் லைன் வேலைக்குக் கூப்பிடவில்லை. அடையாறு வரை பேச்சு பரவிவிட்டது. என்னை மட்டும் அதே காண்ட்ராக்டர் வேறு ஆட்களோடு சேர்த்துக்கொண்டார். வெட்கமில்லாமல் போனேன். அண்ணன் கடைசி ஆறு வருடம் குழாய்களுக்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். ஒழுங்காக வேலை பார்த்திருந்தால் இந்தக் கதி வருமா என்று அண்ணி ஏசாத நாளில்லை. சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில்கூட அதே பேச்சு. நானும் அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அண்ணன் சிறுநீரகம் கெட்டுப் படுத்த பிறகு, ஒரு மத்தியானம் யாரும் இல்லாதபோது, அன்றைக்கு நான் கேஜ் போடவில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். கண்ணைத் திறக்காமலே பதில் வந்தது. "தெர்யும்டா. உங்கண்ணி கைல சொல்லிடாத. உன்ன வூட்ல சேத்துக்க மாட்டா." பிறகு முதுகு வலிக்கிறது, திருப்பிப் படுக்கவை என்றார். அடுத்த வாரம் போய்விட்டார்.

வாரம் இருமுறை டயாலிசிஸுக்குத் தன் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போன எதிர்வீட்டு பாய்க்கும், முகம் சுளிக்காமல் கழுவித் துடைத்த நர்ஸ் அம்மாவுக்கும், கடைசிவரை தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. புடவை பாழான அந்த மயிலாப்பூர் அம்மாவும் காரியத்துக்கு வந்து மாலை போட்டார். அவரிடமும் அன்று நான் வாய் திறக்கவில்லை.

அண்ணி, இத்தனை வருடம் நீங்கள் அவரை ஏசியதெல்லாம் எனக்கு விழ வேண்டிய ஏச்சு. அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இனி அவரைச் சொல்லாதீர்கள். வருஷப் படையல் அன்று நான் வாசலுக்கு வெளியே நிற்கிறேன். கூப்பிட்டால் வருகிறேன்.