இறால் கம்பெனி மதினி

என் அண்ணன் வேல்ராஜைக் கட்டிக்கொண்டு எட்டயபுரத்துக்கு வந்த அமுதவள்ளி மதினியை முதலில் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அவள் மேல் குற்றமில்லை, இறால் வாடை மேல்தான் குற்றம். தூத்துக்குடியில் இறாலை ஐஸில் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. எப்போதும்வென்றான் கிராமத்தில் அப்பா வீட்டில் இருந்த காலத்திலிருந்தே கம்பெனி வேனில் போய் வந்துகொண்டிருந்தவள். கல்யாணம் பேசும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வேலைக்குப் போவேன், நிறுத்தச் சொல்லக் கூடாது." நகை, சேலை பற்றியெல்லாம் வாயே திறக்கவில்லை. எங்கள் அண்ணனோ உளுந்தும் மக்காச்சோளமும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள். சரி என்று தலையாட்டிவிட்டான்.

நான் அதே தெருவில் வாக்கப்பட்டவள். கோவில்பட்டியில் ராஜமணி அண்ணாச்சியின் கடலைமிட்டாய் கம்பெனியில் உருண்டை பிடிக்கிறேன். காலையில் மெயின் ரோட்டில் நானும் மதினியும் ஆளுக்கொரு பக்கம் நிற்போம். அவள் கிழக்கே தூத்துக்குடிக்கு, நான் மேற்கே கோவில்பட்டிக்கு. சாயங்காலம் திரும்பும்போது என் மேல் வெல்லம் மணக்கும், அவள் மேல் இறால் நாறும்.

"மதினி, தெருப்பூனை பூரா உங்க பின்னாலயே வருது, பாத்து வாங்க" என்பேன்.

"உன் பின்னால எறும்பு வருது, மொதல்ல அதைப் பாருட்டி" என்பாள். இப்படி வாயாடித்தான் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டோம்.

அந்த நாற்றம் பிடித்த வேலையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். கொஞ்சம்கூட யோசிக்காமல், "குளிரு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நினைத்துப் பார்த்தால் அதில் நியாயம் இருந்தது. சித்திரை வந்தால் எங்கள் பக்கத்துக் கரிசல் வெடித்து வாய் பிளந்து கிடக்கும். அந்த வெயிலில் பருத்தி எடுத்து வளர்ந்த பிள்ளை. கம்பெனி ஹாலுக்குள் முதல்முதலாகக் கால் வைத்தபோது முகத்தில் அடித்த குளிரில் அப்படியே நின்றுவிட்டாளாம். வெள்ளைக் கோட்டு, தலையில் தொப்பி, முட்டிவரைக்கும் ரப்பர் பூட்ஸ். மேஜை நிறைய ஐஸ், ஐஸுக்குள்ளே இறால். கையை விட்டுத் துழாவி, பெரிசு சிறிசு பார்த்துப் பிரித்துப் போட வேண்டும். கையுறை கொடுப்பார்கள். போட்டால் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று மதினி கழற்றி வைத்துவிடுவாள். அரை மணிக்கு ஒருதரம் மணி அடிக்கும். அடித்ததும் அத்தனை பேரும் பக்கத்திலிருக்கிற மருந்துத் தண்ணீரில் கையை முக்கியெடுத்து, ஈரக்கையோடு மறுபடி இறாலுக்குள் விட வேண்டும். சுத்தத்துக்காக அப்படி ஒரு சட்டம். அது எந்த அளவுக்குப் பழகிவிட்டதென்றால், வீட்டில் கோயில் மணி கேட்டால்கூட அவள் கை தண்ணீர் வாளிக்குத்தான் போகும். "ஊரு சாமி கும்பிடுது, இவ கை கழுவுதா" என்று அண்ணன் கேலி செய்வான்.

ஐஸில் கிடக்கும் விரல் மரத்துத்தான் போகும். மத்தியானம் சூடான டீ கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தால் உணர்ச்சி திரும்பி வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் டீக்கும் வரவில்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் விரலையும் சேர்த்து அறுத்துவிட்டு, அது தெரியாமலே அடுத்த காயை எடுத்தாள். பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த நான்தான் ரத்தத்தைப் பார்த்துக் கத்தினேன்.

கோவில்பட்டியில் டாக்டர் குண்டூசியால் ஒவ்வொரு விரல் நுனியாகக் குத்திப் பார்த்தார். பத்து விரலிலும் தெரியவில்லை. "இனி ஐஸ்ல கை வைக்கக் கூடாது. வைக்காம இருந்தா உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்" என்று சொல்லிவிட்டார்.

கடலில் மீன்பிடி தடைக்காலம் தொடங்குகிற சமயம் அது. கம்பெனி சூப்பர்வைசர் சுந்தரபாண்டி நல்ல மனுசன். "தடைக்காலம் முடியுற வரைக்கும் ஒங்க எடத்துல வேற ஆளைப் போட மாட்டேன். அதுக்குள்ள வெரலு சரியாச்சுன்னா, கையுறை போட்டு வேலை பாக்கலாம். ஆவலைன்னா என்னைக் கேக்காதீங்கம்மா, நானே உள்ள விட மாட்டேன்" என்றார்.

மதினி பூட்ஸை ஒரு பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அழுவாள், ஆறுதல் சொல்லலாம் என்று நான் வேலையையெல்லாம் முடித்துவிட்டுப் போய் உட்கார்ந்திருந்தேன். அவள் பூட்ஸைக் கழுவி வாசல் பக்கம் கவிழ்த்து வைத்தாள். உலை வைத்தாள். துவைத்த துணியை மடித்தாள்.

"மதினி, சங்கடமா இருக்கா?"

"ஒண்ணும் தோணல செல்வி."

"அழுகை வந்தா அழுதிருங்க."

"வந்தாத்தான அழ?" என்று சொல்லிவிட்டு அடுத்த சேலையை எடுத்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை வருஷம் உயிராக இருந்த வேலை, ஒரு பொட்டுக் கண்ணீர்கூட இல்லாமல் எப்படி விட்டுவிட்டு வர முடியும் என்று இருந்தது.

அண்ணாச்சியிடம் சொல்லி எங்கள் மிட்டாய் கம்பெனியில் அவளைச் சேர்த்துவிட்டேன். சூப்பர்வைசருக்கும் என் போனிலிருந்து அவளே சேதி சொல்லிவைத்தாள். வா என்றேன், வந்தாள். கிழக்கே போனவள் என்னோடு மேற்கே போகிற பஸ்ஸில் ஏறினாள். பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் வேலிக்கருவேல மரம் ஒன்று உண்டு. தினமும் காலையில் அதில் ஒரு முள்ளை ஒடித்து, விரல் நுனி ஒவ்வொன்றிலும் குத்திப் பார்ப்பாள். முதல் வாரம் நானும் ஆசையாகத்தான் கேட்டேன், தெரியுதா மதினி என்று. இல்லை என்று தலையாட்டிவிட்டு முள்ளைக் கீழே போடுவாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டேன். அவள் குத்துவதை விடவில்லை. வாசலில் அந்தப் பூட்ஸும் அப்படியேதான் இருந்தது. அவள் மனசு இன்னும் கிழக்கே நிற்கிறது என்று அதை வைத்துத்தான் எனக்குத் தெரியும். மற்றபடி முகத்தில் ஒன்றும் இருக்காது.

மிட்டாய் கம்பெனியில் தண்ணீர் என்றாலே ஆகாது. பாகைக் கொப்பரையிலிருந்து எடுத்துக் கடலையோடு கிளறிப் பலகையில் கொட்டுவார்கள். ஆறுவதற்குள் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு உருண்டை பிடித்துவிட வேண்டும். கை உலர்ந்திருந்தால் பாகு ஒட்டாமல் வரும். ஈரக்கையோடு தொட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும், பிடித்த உருண்டையும் பிசுபிசுத்துப் போகும். பாகு பதம் பார்க்கிற கிண்ணத்தில் மட்டும்தான் தண்ணீர் இருக்கும்.

நாங்கள் எல்லாரும் ஸ்ஸ் ஸ்ஸ் என்று ஊதிக்கொண்டே பிடிப்போம். மதினி சத்தமே போட மாட்டாள். கொதிக்கிற கடலையை விரல் நுனியாலேயே அள்ளி, ஆற அமர உருட்டி வைப்பாள். ராஜமணி அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல்.

"ஏட்டி செல்வி, இப்பிடி ஒரு கையை இத்தன நாளா எங்கட்டி ஒளிச்சு வச்சிருந்த? சூடு தாங்குத கைன்னா இதுல்லா கை!"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். மதினியும் உதட்டை இழுத்துச் சிரிக்கிற மாதிரி வைத்துக்கொண்டாள். அண்ணாச்சி மேல் எனக்குக் கோபம் பொங்கியது. அது தாங்குகிற கை இல்லை, தெரியாத கை என்று கத்தத் தோன்றியது. மதினி என்னைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். ஆனாலும் அன்றிலிருந்து அவளைப் பலகையின் ஓரத்தில், கொஞ்சம் ஆறின பக்கமாக இழுத்து உட்கார வைத்துக்கொண்டேன்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்குத்தான் அது நடந்தது. எங்கள் கம்பெனிக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. மதினி வேலைக்குச் சேர்ந்தது லீவு நாளில் என்பதால், அதன் மணிச் சத்தத்தை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கும் அது நினைப்பில் இல்லை. தடைக்காலம் முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது. காலையில் வழக்கம் போல முள்ளால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

பலகையில் அப்போதுதான் புதுசாகக் கொட்டியிருந்தார்கள், ஆவி பறந்துகொண்டிருந்தது. பின்பக்கம் மணி அடித்தது. மதினி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. வலது கை தானாகப் போய்ப் பதம் பார்க்கும் கிண்ணத்தில் முங்கி எழுந்தது. அந்த ஈரத்தோடு, மாவு தொடாமல், நேராகக் கொதிக்கிற பாகுக்குள் போனது.

சொர்ரென்று ஒரு சத்தம். அவள் பாட்டுக்கு விரல் நுனியால் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். பாகு விரலைச் சுற்றி உறைந்துகொண்டிருந்தது.

"மதினி! கையை எடுங்க! கையை எடுங்க!"

அவள் என்னைத்தான் பார்த்தாள், கையைப் பார்க்கவில்லை. நான் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன்; பாகு உள்ளங்கைக்கும் மணிக்கட்டுக்கும் வழிந்தது. தண்ணீர் பட்டுப் பாகு உதிர்ந்தபோது கூடவே தோலும் வந்தது.

அரசு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம். நர்சம்மா மருந்து போட்டுக்கொண்டே, "எங்கம்மா எரியுது?" என்று கேட்டாள்.

"உள்ளங்கை எரியுது. மணிக்கட்டு எரியுது" என்றாள் மதினி.

"விரலு?"

மதினி விரல்களைப் பார்த்தாள். அங்கேதான் வெந்தது அதிகம். நகத்தைச் சுற்றித் தோலே இல்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிற மாதிரி.

"விரலு எரியல" என்றாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்து உட்கார்ந்தோம். அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன், பதறிப்போய், எட்டயபுரத்தில் பஸ்ஸுக்கு வந்து நிற்பதாகச் சொன்னான். மதினிக்கு நாக்கு வறண்டிருக்கும் என்று நன்னாரி சர்பத் வாங்கி வந்தேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் வாங்கினாள். குடிக்கவில்லை. கிளாஸைப் பெஞ்சில் வைத்து, அதற்குள் விரலை விட்டு, மிதந்துகொண்டிருந்த ஐஸ் துண்டை வெளியே எடுத்தாள்.

"மதினி, டாக்டர் ஐஸைத் தொடவே கூடாதுன்னு சொல்லியிருக்காவல்லா!"

அவள் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அதை மெல்லத் திருப்பிப் பார்த்தாள். இறாலை அப்படித்தான் திருப்பிப் பார்த்திருப்பாள். தண்ணீர் முழங்கை வழியாகச் சொட்டியது. பிறகு அதை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"செல்வி, இது குளிருதா?"

"குளிருது மதினி" என்றேன்.

"நல்லா குளிருதாட்டி?"

"ரொம்பக் குளிருது."

தலையை ஆட்டினாள். என் போனை எடுக்கச் சொன்னாள். சூப்பர்வைசர் நம்பரைச் சொல்லிவிட்டு, என்னையே போட்டுத் தரச் சொன்னாள். ஒரு கையில் ஐஸை வைத்துக்கொண்டு மறு கையால் போட்டு, ஸ்பீக்கரை அமுக்கினேன்.

"அமுதவள்ளியா? நானே கூப்பிடணும்னு இருந்தேம்மா. போட்டெல்லாம் கடலுக்குப் போற நாளு வந்தாச்சு. வெரலு எப்படி இருக்கு?"

"என் எடத்துக்கு வேற ஆளப் போட்டுருங்க, சார்."

"ஏம்மா, மிட்டாய் வேலை புடிச்சிப்போச்சா?" என்று சிரித்தபடி கேட்டார்.

"ஆமா சார்" என்றாள் மதினி.

எட்டயபுரம் பஸ் வந்து நின்றது. ஆட்கள் இடித்துக்கொண்டு ஏறினார்கள். மதினி எழுந்திருக்கவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை. ஐஸ் உருகி என் கை வலியெடுக்க ஆரம்பித்திருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்ததால் கீழே போட எனக்கு மனசு வரவில்லை.