நேப்பிள்ஸில் அப்பாவுக்கு ஒரு கோட்டு

நான் வெளிநாட்டில் இருந்த நாட்களில் அப்பா வாய்விட்டுக் கேட்ட பொருள் ஒன்றே ஒன்றுதான். தன்னைப் பெட்டியில் வைக்கும்போது போட ஒரு கோட்டு.

கம்பெனி வேலையாக இத்தாலியில் டூரின் நகரத்தில் சில மாதங்கள் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வீட்டிலிருந்து வீடியோ கால் வரும். முதலில் அம்மா. சாப்பாடு, குளிர், துவைத்துப் போட இடம் இருக்கிறதா என்று எல்லாம் விசாரித்து முடித்த பிறகுதான் போன் அப்பா கைக்குப் போகும். அன்றைக்கு வாங்கியவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "அந்த ஊர்ல கோட்டு நல்லா இருக்கும்னு நீதானடா சொல்லுவே. கறுப்புல ஒண்ணு பாரு," என்றார்.

"எதுக்குப்பா?"

"எதுக்கா. போட்டுக்கிட்டு நாத்து நடவா போறேன். பெட்டிக்குத்தான்."

அப்பா வேலை பார்த்ததெல்லாம் வலங்கைமான் வட்டாரத்து நெல் கொள்முதல் நிலையங்களில். பில் கிளார்க். குறுவைக்கும் சம்பாவுக்கும் தூற்றும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் மேஜை போட்டு உட்கார்ந்து எழுதியவர். அந்தத் தூசியும் சுணையும் அவருக்குள்ளே போய்க்கொண்டே இருந்தன. ஓய்வு பெற்ற பிறகும் இருமல் ஓய்வு பெறவில்லை. தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், நுரையீரல் இறுகிக்கொண்டு வருகிறது, இறுகினது திரும்ப இளகாது என்று அவரிடமே சொல்லிவிட்டார். "எவ்வளவு நாள்னு சொல்ல முடியுமாங்க?" என்று அப்பா கேட்டார். மூட்டை ஏற்ற லாரி எப்போது வரும் என்று கேட்பதுபோலத்தான் கேட்டார்.

எங்கள் ஊர் லுத்தரன் சபையில் ஆண்களைக் கோட்டுப் போட்டுத்தான் பெட்டியில் வைப்பார்கள். உயிரோடு இருக்கையில் கோட்டைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் அப்படித்தான். ஒரு நாளைக்காக யார் புதிதாக வாங்குவார்கள்? அதனால் கோயில் அலமாரியில் பொதுவாக ஒரு கறுப்புக் கோட்டு இருக்கிறது. முதுகை மேலிருந்து கீழ்வரை வெட்டி, ஓரத்தில் நாடா வைத்துத் தைத்தது. விறைத்த கைகளை முன்பக்கமாகவே நுழைத்து, பின்னால் நாடாவை முடிந்துவிடலாம். முன்னாலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. போட்டோ எடுப்பார்கள், ஜெபம் நடக்கும், எல்லோரும் முகம் பார்ப்பார்கள். மூடி போடுவதற்கு முன்னால் கோட்டைக் கழற்றி எடுத்துவிடுவார்கள். அடுத்தவருக்கு வேண்டும் அல்லவா.

தாத்தாவுக்கும் அந்தக் கோட்டுதான். அவர் பண்ணையில் கூலி வேலை செய்தவர். மிராசுதார் தெருவில் தோளில் துண்டு போட்டுக்கொண்டு நடக்க முடியாத காலம் அவருடையது. அவர் இறந்தபோது அப்பா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். மூடி போடும்போது பெட்டியின் பக்கத்திலேயே நின்றிருக்கிறார்.

"போட்டோவுல பார்த்தா தொரை மாதிரி இருக்காரு. குழிக்குப் போனது வெறும் பனியனோட," என்று ஒரே ஒரு முறை என்னிடம் சொல்லியிருக்கிறார். அதனால் அவர் போனில் கேட்டபோது நான் மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை.

எனக்குக் கோட்டுப் பைத்தியம் உண்டு. இன்ஜினியரிங் படிக்கும்போதே பிடித்தது. தோள் எப்படி உட்கார வேண்டும், சட்டைக் கை கோட்டுக் கைக்கு வெளியே எவ்வளவு தெரிய வேண்டும், எந்த ஷூவுக்கு எந்த சாக்ஸ் என்று பரீட்சைக்குப் படிக்காத படிப்பையெல்லாம் இதற்குப் படித்தேன். சென்னை ஆபீஸுக்கு டை கட்டிக்கொண்டு போய், "இன்டர்வியூவா? எந்தக் கம்பெனில?" என்று கேலி வாங்கியிருக்கிறேன். இத்தாலியில் வேலை என்று சொன்னதும் மற்றவர்கள் ஊர் சுற்றிப் பார்க்கும் இடங்களைத் தேட, நான் தையற்கடைகளைத் தேடினேன். அப்பா கறுப்புக் கோட்டு என்று மட்டும்தான் சொன்னார். எனக்கோ உடனே நேப்பிள்ஸ் என்று தோன்றிவிட்டது. அங்கே தோளுக்குள் பஞ்சு வைத்துத் தூக்கமாட்டார்கள், முதுகில் லைனிங் போடமாட்டார்கள். வெயில் ஊர்க்காரர்கள் வெயில் ஊர்க்காரர்களுக்குத் தைக்கும் கோட்டு. நம் ஊர் வெக்கைக்கு அதுதான் சரி. இப்படியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு ரயிலேறி உட்கார்ந்த பிறகுதான், அப்பா அதைப் போட்டுக்கொண்டு போகப்போகும் இடத்தில் வெயில் கிடையாது என்பது உறைத்தது.

நேப்பிள்ஸ் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. ஹாரன் சத்தம், பால்கனிக்குப் பால்கனி காயும் துணி, ஒரே ஸ்கூட்டரில் குடும்பமே போவது. சுவர்களில் இறந்தவர்களுக்கு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள், நாம் கண்ணீர் அஞ்சலி ஒட்டுவதைப்போல. நம்முடையதில் படம் பெரிதாக இருக்கும். அங்கே வெள்ளைத் தாளில் கறுப்புக் கரை, ஒரு சிலுவை, பெயர், எந்தக் கோயிலில் எத்தனை மணிக்கு என்ற விவரம். நான் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, புரியாத மொழியில் வயதை மட்டும் படித்துக்கொண்டு போனேன். நிறையப் பேர் அப்பாவைவிட மூத்தவர்கள். அது ஏனோ கோபத்தைத் தந்தது.

ஒரு சந்துக்குள் தகப்பனும் மகளும் நடத்தும் கடை ஒன்று கிடைத்தது. தகப்பன் தைப்பவர், மகளுக்கு ஆங்கிலம் தெரியும். யாருக்கு என்று கேட்டாள். அப்பாவுக்கு, என் தோளும் அவர் தோளும் ஒரே அளவு என்றேன். என்ன விசேஷம் என்றாள். கோயிலுக்கு என்றேன். கல்யாணமா என்று சிரித்தாள். இல்லை என்றேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, தகப்பனிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். அதற்குப் பிறகு அவர்கள் ஒன்றும் விசாரிக்கவில்லை.

கருநீலத்தில் ஒன்று சொன்னபடி உட்கார்ந்தது. போட்டுக்கொண்டே வீட்டுக்கு வீடியோ கால் போட்டேன்.

"அப்பா, பாருங்க. இது நேவி ப்ளூ. கறுப்பு மாதிரியேதான் தெரியும்."

"கறுப்புன்னுதானடா சொன்னேன்."

"கறுப்பு பகல்ல எடுக்காதுப்பா."

"நான் பகல்ல எங்க போகப்போறேன்."

பின்னாலிருந்து அம்மா குரல் வந்தது. "புள்ள ஆசையா காட்டுறான். நல்லாருக்குன்னு சொன்னா கொறஞ்சா போயிடுவீங்க?"

"நல்லாத்தான் இருக்கு. அவனுக்கு." அப்பா போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார், அவருடைய நெற்றி மட்டும் திரையில் நிறைந்தது. "பொத்தான் எல்லாம் கெட்டியா இருக்கா பாரு. ஷூ கீவு வாங்கிடாதே. காலுக்கு மேல துணி போட்டுடுவாங்க. சாக்ஸ் மட்டும் வாங்கு."

கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன். தகப்பன் அதை உள்பக்கமாகப் புரட்டி மேஜைமேல் விரித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். லைனிங் இல்லாத முதுகு. காலருக்குக் கீழே தொடங்கி ஓரம்வரை நடுவில் ஒரே தையல், கையால் தைத்தது. தன் விரலால் அதை மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தார். அவருக்கு அதில் பெருமை. எனக்கு அது மாமாவின் கத்தரி போகும் வழியாகத் தெரிந்தது.

மாமா, அம்மாவின் அண்ணன். எங்கள் சபையில் இறந்துபோன ஆண்களுக்குக் குளிப்பாட்டி உடுத்திவிடுகிறவர் அவர்தான். யாரும் நியமிக்கவில்லை, யாரோ ஒருவர் செய்ய வேண்டும் என்று செய்ய ஆரம்பித்தவர். சொந்தக் கோட்டு வைத்திருந்த ஓரிருவருக்கும் முதுகை வெட்டித்தான் போட்டிருக்கிறார்.

அந்த மேஜைக்கு முன்னால் நின்றபடியே முடிவு செய்தேன். இந்தக் கோட்டை அப்பா உயிரோடு போட வேண்டும். இதை யாரும் வெட்டக்கூடாது. கருநீலப் பட்டில் ஒரு டையும் சாக்ஸும் சேர்த்து வாங்கிக்கொண்டேன். மகள் வாசல்வரை வந்து, உங்கள் அப்பாவுக்கு எங்கள் வணக்கம் என்றாள்.

நான் ஊர் வந்து சேர்ந்தபோது அப்பாவுக்கு மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வந்துவிட்டது. கோட்டைக் கையில் வாங்கி, துணியை இரண்டு விரலால் கசக்கிப் பார்த்தார். நெல்லைக் கையில் வாங்கி ஈரம் பார்க்கும் அதே பார்வை. பிறகு பீரோவில் மாட்டச் சொன்னார். போட்டுப் பாருங்கள் என்றால், "அழுக்காயிடும்" என்றார். ஆனால் வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் பீரோவைத் திறந்து காட்டச் சொன்னார். கல்யாணப் புடவையைப் பார்க்க வருவதுபோல ஆட்கள் வந்தார்கள். தொட்டுப் பார்த்தார்கள். ஒருவர், "கோயில் கோட்டைவிட இது ஒசத்தி" என்று சொல்லிவிட்டு, சொன்னது எப்படிப்பட்ட வார்த்தை என்று புரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்பா சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து, அடங்க நேரமாயிற்று.

மாமாவும் வந்து பார்த்தார். கோட்டின் முதுகைத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"லைனிங் இல்ல. சுளுவா வெட்டிடலாம்."

"வெட்ட வேணாம் மாமா."

"வெட்டாம எப்படி மாப்ள போடுறது? கை மடங்காது. நீ நெனைக்கிற மாதிரி இல்ல."

"கையால தைச்சது மாமா இது."

"இருக்கட்டும். என் மச்சான் கையை நான் ஒடிக்க முடியுமா?"

கட்டிலிலிருந்து அப்பா தலையைத் தூக்கினார். "ஏண்டா சண்டை போடுறீங்க. என் முதுகு யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்," என்றேன். குரல் உடைந்துவிட்டது. மாமா கோட்டை மறுபடி பீரோவில் மாட்டிவிட்டு, சட்டையில் தூசி ஒன்றும் இல்லாதபோதும் தட்டிக்கொண்டு வெளியே போனார்.

இரண்டொரு நாள் கழித்து, அம்மா கடைத்தெருவுக்குப் போயிருந்த ஒரு மதியம், "எடுடா அதை," என்றார் அப்பா. எழுந்து நிற்க முடியவில்லை. கட்டிலில் உட்காரவைத்து, குழாய் சிக்காமல் ஒவ்வொரு கையாக நுழைத்துவிட்டேன். கைலி, பனியன், அதற்கு மேல் நேப்பிள்ஸ் கோட்டு. இளைத்துப்போயிருந்தார். என் தோளும் அவர் தோளும் ஒரே அளவாக இருந்த காலம் போய்விட்டிருந்தது. ஆனாலும் கோட்டு அவரைக் கைவிடவில்லை, அழகாகத்தான் விழுந்தது. கண்ணாடி கொண்டுவரவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

"வெயிட்டே தெரியலடா," என்று மட்டும் சொன்னார். காபி கேட்டார். போட்டுக் கொடுத்தேன். கோட்டோடு உட்கார்ந்தே குடித்தார், கோட்டின் மார்பு மடிப்பில் ஒரு சொட்டு விழுந்தது, ஈரத்துணியால் துடைத்தேன். ஜன்னலுக்கு வெளியே வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். பிறகு, "போதும், கழட்டு" என்றார். கழற்றும்போது தன் கையாலேயே பொத்தானை அவிழ்த்தார். "நான் போட்டாச்சு. இனிமே உன் மாமன் எப்படியாச்சும் போட்டுவிடட்டும். கழட்ட மட்டும் வேணாம்னு சொல்லு." அன்று சாயங்காலமே அதை அம்மாவிடமும் மாமாவிடமும் சொல்லிவிட்டேன்.

அந்த சம்பா அறுவடைக்கு முன்னால் அப்பா போய்விட்டார். விடியற்காலையில், அம்மா பக்கத்தில் இருந்தபோது. நான் முந்தின இரவே தஞ்சாவூருக்கு மருந்து வாங்கப் போயிருந்தேன். திரும்பி வர வெயில் ஏறிவிட்டது. மாமா குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை வரைக்கும் போட்டுவிட்டிருந்தார். கோட்டை மடியில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். கத்தரி பக்கத்தில் இருந்தது.

"நீ சொன்னா சரி மாப்ள. எப்படிப் போடணும்னு சொல்லு."

நான் அப்பாவின் கையைத் தூக்கிப் பார்த்தேன். மாமா சொன்னது சரிதான். மடங்கவில்லை.

கோட்டை வாங்கி உள்பக்கம் புரட்டினேன். கத்தரியை எடுக்கவில்லை. சவரத் தகடு ஒன்று கேட்டு வாங்கி, நடுமுதுகுத் தையலின் கீழ்க்கோடியில் முதல் நூலை அறுத்தேன். பிறகு ஒவ்வொரு நூலாக இழுத்தேன். துணியில் ஒரு வெட்டு விழவில்லை. போதகர் ஐயா வந்துவிடுவார் என்று யாரோ வெளியே அவசரப்படுத்தினார்கள். "அவன் முடிக்கட்டும்," என்றார் மாமா. காலருக்குக் கீழே வந்ததும் நிறுத்திக்கொண்டேன். மாமாவும் நானும் கைகளை முன்பக்கமாக நுழைத்தோம். காலரைத் தலைக்கு மேலாகத் தூக்கி அப்பாவின் பின்கழுத்துக்குக் கொண்டுபோனோம். டை கட்டிவிட்டேன். அடுத்தவர் கழுத்தில் கட்டுவது தலைகீழாக வருகிறது, இரண்டாவது முறைதான் முடிச்சு சரியாக வந்தது.

ஜெபம் முடிந்தது. போட்டோ எடுத்தார்கள். எல்லோரும் வந்து முகம் பார்த்துவிட்டு ஒதுங்கினார்கள். மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மாமா குனிந்தார். இடது கையை அப்பாவின் தலைக்குக் கீழே கொடுத்து மெதுவாகத் தூக்கினார். வலது கை காலரைப் பிடித்தது. எங்கள் சபையில் அப்பா வயது ஆண்கள் அநேகமாக யாரும் மிச்சமில்லை, போனவர்கள் எல்லோருக்கும் அவர்தான் கழற்றியிருக்கிறார். அந்தக் கைக்கு அது பழகிப்போயிருந்தது. அவர் கண் எங்கேயோ இருந்தது, அழுதுகொண்டிருந்தார். நான் பெட்டியின் விளிம்பைப் பிடித்தேன்.

அம்மாதான் பேசினாள்.

"அண்ணே. அது அவரோடது."

மாமாவின் கை அப்படியே நின்றது. அப்பாவின் தலையைத் தலையணையில் வைத்தார். தூக்கியிருந்த காலரைப் பின்கழுத்தில் படியவிட்டு, மார்பு மடிப்பை உள்ளங்கையால் நீவினார்.

"பழக்கத்துல பண்ணிட்டேன் மச்சான்," என்று அப்பாவிடம் சொன்னார்.

மூடியைப் போட்டார்கள்.